எத்தனை நாள் திறந்திருந்தது? ஓர் ஊரின் ஆங்கில வகுப்பும் அதற்குப் பணம் தந்தவர்களும்

வீடியோ எடுத்த அன்று சமுதாய நலக்கூடத்தின் சுவரை ஒட்டடை அடித்து, பிள்ளைகளுக்குத் தலை சீவி, பவுடர் பூசி உட்கார வைத்திருந்தோம். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் குழு ஒன்று எங்கள் சாயங்கால வகுப்புக்கு மாதாமாதம் பணம் தருவதாக ஏற்றிருந்தது. பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதை இரண்டு நிமிடம் படம் பிடித்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து கையைக் கட்டிக்கொண்டு பெயர், வகுப்பு, ஊர், அப்பா, அம்மா என்று வரிசையாக ஒப்பித்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கணீரென்ற குரல், "மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப்" என்றாள். அவளுக்குப் பின்னால் வாசல்படியில் அவள் அம்மா மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். படத்தில் அவர் விழாதபடி போனைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியது நான்தான்.

அன்று பேசிய பிள்ளைகள் அத்தனை பேரின் அம்மாவும் ஹவுஸ்வைஃப். பீடித் தட்டு இல்லாத வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது.

வீடியோ போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. ஆறு மாதம் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அந்த ஆறு மாதத்தில் ஒரு பிள்ளைகூடப் புதிதாக ஒரு வரி ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரையை நிகழ்வு ஆய்வு (கேஸ் ஸ்டடி) என்று சொன்னால் அது எனக்குக் கொஞ்சம் பெரிய வார்த்தை. மூன்று வருடம் இந்த வகுப்பின் கணக்கு நோட்டு என் கையில் இருந்தது, அதைப் புரட்டிக்கொண்டு எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

ஊர்

ஆலங்குளத்துக்கும் முக்கூடலுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். பொருநைத் (தாமிரபரணித்) தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். கிணற்றில் ஊற்று இருந்தால் தக்காளியோ வெண்டையோ போடுவார்கள், இல்லையென்றால் வானத்தைப் பார்ப்பார்கள். ஆண்கள் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் சென்னைக்கோ மும்பைக்கோ கடை வேலைக்குப் போவார்கள். வீட்டில் அடுப்பெரிவது பெரும்பாலும் பெண்கள் சுற்றும் பீடியால்.

அந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கடையில் இலையும் தூளும் எடை போட்டுத் தருவார்கள். இலையை நனைத்து, தகரத்தை அளவுக்கு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. ஒரு நாள் முழுக்கக் குனிந்திருந்தால்தான் ஆயிரம் தேறும். வாய் மடக்கும் வேலை சின்ன விரல்களுக்கு லேசு என்பதால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் பிள்ளைகள் அம்மாவோடு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் வகுப்புக்கு எப்போதும் போட்டியாக இருந்தது இந்த வேலைதான். டிவியும் செல்போனும் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஊரில் ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம். 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கின என்றாலும், காலையில் ஊருக்குள் வரும் மஞ்சள் வேனுக்குக் கூட்டம் குறையவில்லை. கட்ட முடிந்தவர்கள் டை கட்டிய பிள்ளையை அதில் ஏற்றிவிட்டார்கள். முடியாத வீட்டுப் பிள்ளைகள் முப்பத்துச் சொச்சம் பேர் எங்களிடம் வந்தவர்கள்.

ஆரம்பம் எங்களுடையதல்ல. கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் எடுக்கும் திட்டம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கொடுத்தவர், பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கிலம் படித்து முடித்து வீட்டில் இருந்த ஒரு பெண். பிள்ளைகள் அவரை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை, அக்காதான். அந்த வகுப்போடு ஆங்கிலத்துக்கு என்று தனியாக ஒரு மணி நேரம் சேர்க்கலாமே என்று நாலைந்து பேர் பேசினோம். ஊர்க்காரன், பாளையங்கோட்டையில் வங்கி வேலை என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது.

கொடை

திருநெல்வேலிப் பக்கம் கொடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோயில் கொடைதான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, மேளமும் வில்லுப்பாட்டும் வைத்து, செலவு போக மிச்சத்தை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பார்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு முழுக்கச் சண்டை நடக்கும். பணம் கொடுத்தவன் கேள்வி கேட்பான் என்பதில் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே கிடையாது.

பள்ளிக்கூடத்துக்கு வெளியூர்ப் பணம் வருவதும் இங்கே பழைய சங்கதி. நாங்குநேரிப் பக்கம் இருக்கும் டோனாவூரின் பெயரே ஒரு நன்கொடையாளரின் பெயர். பிரஷ்யாவின் டோனா பிரபு அனுப்பிய பணத்தில், பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியுஸ் அந்த ஊரை அமைத்தார். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் கதை இன்னும் நெருக்கமானது. சாரா டக்கர் இங்கிலாந்தில் உடல் நலிந்து கிடந்த பெண்மணி. அவருடைய சகோதரர் ஜான் டக்கர் சென்னையில் மிஷன் பணியில் இருந்தார். அவர் வழியாகத் திருநெல்வேலிப் பெண் பிள்ளைகளின் நிலையை அறிந்த சாரா, இந்த மண்ணை ஒருமுறைகூடப் பார்க்காமலே அவர்கள் படிப்புக்காகப் பணம் திரட்டினார். இறந்த பிறகு தோழிகள் அவர் நினைவாகத் தந்த நிதியில் பள்ளி எழுந்தது. 1895இல் அது கல்லூரியாக வளர்ந்தது. எங்கள் வகுப்புக்கு வந்த அக்காவின் பாட்டி, சாராள் தக்கர் என்பது பாளையங்கோட்டையில் இருந்த ஒரு டீச்சர் பெயர் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாராம்.

வெளிநாட்டுப் பணம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வியாபாரிகள் தங்களுக்குள் வசூலித்துக்கொண்ட மகமைப் பணத்தில் நடந்தது. திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்து வைப்பார்கள். 1950களின் கடைசியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அப்போது ஊர்க்காரர்களே பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். அந்தப் பெஞ்சுகளில் சிலவற்றின் முதுகில் கொடுத்தவர் பெயர் பெயின்டில் எழுதியிருந்ததை நானே தடவிப் பார்த்திருக்கிறேன்.

பெயர் எழுதுவதைக் குறை சொல்ல மாட்டேன். பெஞ்சில் எழுதினால் பெஞ்சுக்கு ஒன்றும் ஆவதில்லை. அக்கால மிஷன் விடுதிகள் சிலவற்றில் பணம் அனுப்பியவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கே வைக்கும் வழக்கம் இருந்தது. வீடியோ எடுத்த அன்று நாங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். பெயரை விட்டுவிட்டு அம்மாவின் தொழிலை மாற்றியிருந்தோம்.

மூன்று பணம்

வகுப்புக்கு மூன்று இடத்திலிருந்து உதவி வந்தது, மூன்றும் மூன்று விதம்.

முதலாவது அமெரிக்கக் குழு. ஏழெட்டு பேர், எல்லாம் நம் பக்கத்தில் பிறந்து கம்ப்யூட்டர் படித்துப் போனவர்கள். பெரும்பாலானவர்கள் தமிழ் வழியில் படித்து, கல்லூரி முதல் வருடம் ஆங்கிலம் புரியாமல் கடைசி பெஞ்சில் அழுதவர்கள். அந்த வலியோடுதான் கொடுத்தார்கள். அதனால் அவர்களுக்குப் பேச்சுதான் முக்கியம். "கிராமர் வேண்டாம், பேசச் சொல்லிக்கொடுங்கள்" என்று ஒவ்வொரு போனிலும் சொல்வார்கள்.

இரண்டாவது ஒரு நிறுவனம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தக் கணக்கில் எங்களுக்கு ஒரு ஸ்மார்ட் டிவியும் 25 டேப்லெட்டும் வந்தன. திறப்பு விழாவுக்குக் கட்டிய பேனர் நலக்கூடத்தின் முகப்பைவிட அகலம். ஓரத்தை மடித்துக் கட்டினோம்.

டேப்லெட்டில் இருந்த பாடம் வெளிநாட்டு உச்சரிப்பில் பேசியது. இணையம் இருந்தால்தான் ஓடும், எங்கள் ஊரில் டவர் தெரிய மொட்டை மாடிக்குப் போக வேண்டும். சாயங்காலம் கிணற்று மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கி டிவி அணைந்துவிடும். ஒரு வருடம் கழித்து மென்பொருளுக்குச் சந்தா கட்டச் சொல்லித் திரையில் அறிவிப்பு வந்தது. நிறுவனத்தில் கேட்டோம். "பொருளாக வேண்டுமானால் இன்னும் தருகிறோம், மாதச் செலவுக்குத் தருவதில்லை, எங்கள் கொள்கை" என்றார்கள். ஆசிரியர் சம்பளம் தரக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அது அவர்களே வைத்துக்கொண்ட விதி. பொருளுக்கு ரசீது உண்டு, படம் உண்டு, வருட அறிக்கையில் ஒரு பக்கம் உண்டு. டேப்லெட்டுகள் பீரோவுக்குள் போயின. டிவியை ஒரே ஒருமுறை ஊரே கூடிப் பார்த்தது, 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று. அன்றைக்கு ஏனோ வோல்டேஜ் இறங்கவில்லை.

மூன்றாவது மும்பை அண்ணாச்சி. பதினான்கு வயதில் ஊரை விட்டு ரயிலேறி, மளிகைக் கடையில் பொட்டலம் மடித்து, பிறகு சொந்தக் கடை வைத்தவர். படிப்பு எட்டாவது. தொடக்கத்தில் மாதம் 2,000 ரூபாய் கொடுத்தார். ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டார்.

பென்சில் எழுத்து

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் அக்கா ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஆங்கிலப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலில் பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்து. "திஸ் இஸ் மை வில்லேஜ்" என்று கோடு தவறாமல் எழுதியிருந்தான். வகுப்பில் மடமடவென்று அவன் வாசித்தது அந்தப் பென்சில் எழுத்தை. அதே பக்கத்தை அக்கா வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது பையன் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

அன்றே ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துப் பார்த்தார். தமிழ் எழுத்தின் துணை இல்லாமல் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை வாசிக்க முடிந்தவர்கள் ஐந்து பேர். அது பெரிய அதிர்ச்சி இல்லை. தமிழ்ப் பத்தி ஒன்றையே திக்காமல் வாசிக்க முடியாதவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இருந்தார்கள். கொரோனாவில் போன இரண்டு வருடம் அப்படியே ஓட்டையாக இருந்தது. மேலே எழுதிய பென்சில் தமிழையும் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஒரு மாதம் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டுத் தமிழ் வாசிப்பு என்று அக்கா முடிவெடுத்தார். அமெரிக்கக் குழுவில் இது பெரிய சண்டை. "நாங்கள் கொடுப்பது ஆங்கிலத்துக்கு" என்று ஒருவர் நீளமாக எழுதினார். இன்னொருவர் பணத்தையே நிறுத்திவிட்டார். எழுத்தைக் கூட்டினால் சொல் வரும் என்ற சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டால்தான் அடுத்த மொழிக்குப் போகும் என்று நான் பதில் எழுதினேன். அது அக்கா சொல்லிக்கொடுத்த வாசகம்தான்.

அப்புறம் ஆங்கிலம். இங்கே அக்கா செய்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், மூன்று வருடத்தில் உருப்படியாக நடந்தது இதுதான்.

தமிழில் க என்ற எழுத்தைப் பிள்ளை கூப்பிடுவதும் க, அது எழுப்பும் ஓசையும் க. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, ஓசை வேறொன்று. "சி, ஏ, டி, கேட்" என்று நம் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள். சி, ஏ, டி என்பதைச் சேர்த்துச் சொன்னால் சியேட்டி என்றுதான் வரும், பூனை வராது. மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பூனை வரும். அடுத்த சொல்லில் நின்றுவிடும். அக்கா எழுத்தின் பெயரைச் சொல்வதையே இரண்டு மாதம் தடை செய்தார். ஓசை மட்டும்.

அடுத்த சிக்கல் பி. ஆங்கிலத்தில் பி இரண்டு. பந்துக்கு வருவது ஒன்று, பேனாவுக்கு வருவது ஒன்று. இதை எழுதும்போதே பாருங்கள், எனக்கும் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. பிள்ளைகள் பந்தைப் பால் ஆக்கிவிடுவார்கள். இரண்டும் வேறு ஓசை என்று சொன்னால் விழித்தார்கள். ஒரு நாள் அக்கா இரண்டு பையன்களை எழுப்பினார். "தம்பி" என்று சொல்லச் சொன்னார். "பிள்ளை" என்று சொல்லச் சொன்னார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னார். "தம்பில வர்ற பி, பிள்ளைல வர்ற பி, ரெண்டும் ஒண்ணால?" கொஞ்ச நேரம் கூடம் முழுக்கத் தம்பி, பிள்ளை, தம்பி, பிள்ளை என்று ஒரே கூச்சல். ஒரு பெண் "அக்கா, வேற வேற!" என்று குதித்தாள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் அந்த இரண்டு ஓசையும் அவர்கள் வாயில் பிறந்ததிலிருந்து இருக்கிறது. அதற்குப் பிறகு பந்தின் எழுத்துக்குத் தம்பி-பி என்றும் பேனாவின் எழுத்துக்குப் பிள்ளை-பி என்றும் பெயராகிவிட்டது. பக்கத்திலும் தங்கத்திலும் வரும் க, பட்டிலும் வண்டியிலும் வரும் ட எல்லாம் அதே வழியில் வந்தன. எந்த டேப்லெட்டிலும் இந்தப் பாடம் கிடையாது. திருநெல்வேலிப் பிள்ளையின் வாயில் என்ன இருக்கிறது என்று அதைச் செய்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணாச்சியின் கேள்வி

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குத் தென்காசிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியிலிருந்து 8,000 ரூபாய்க்கு வேலை வந்தது. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது 3,000. போனால் பஸ் பிடித்துத் திரும்ப ஏழு மணி ஆகும், வகுப்பு முடிந்த கதை. பல லட்ச ரூபாய்ச் சாமான் பீரோவில் பூட்டிக் கிடந்தது. கூட 4,000 ரூபாய் கேட்டு வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள், தம்பி-பி, பிள்ளை-பி என்று ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி. போன மாசம் எத்தன நாளு தொறந்திருந்திய?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். "கடைல சரக்கு என்ன இருக்குன்னு அப்புறம் பாப்போம். மொதல்ல ஷட்டர் தூக்கியிருக்கணும்லா?" என்றார்.

விசாரித்தபோது பதினான்கு நாள். கோயில் கொடை நாலு நாள், ஒரு கல்யாணம், அக்கா ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கப் போன நாட்கள், கரண்ட் இல்லாத சாயங்காலம், பீடி எண்ணிக் கொடுக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் பெண் பிள்ளைகள் வராததால் விட்ட நாட்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது.

அண்ணாச்சி தன் சம்பாவனையை 5,000 ஆக்கினார், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, நாள் கணக்கு. வருடம் பிறந்ததும் அவர் கடைப் பெயர் அச்சிட்ட தினசரிக் காலண்டர் ஊருக்கு வரும். அதில் ஒன்றை நலக்கூடத்தில் மாட்டச் சொன்னார். வகுப்பு நடந்த நாளின் தாளைக் கிழித்து, பின்பக்கம் அன்று வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை எழுதி, பீடி நூலில் கோத்துவிட வேண்டும். நடக்காத நாளின் தாள் குப்பைக்கு. மாதக் கடைசியில் அந்தக் கோவையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். முதல் மாதம் பதினேழு, அடுத்தது இருபது, பிறகு இருபத்திரண்டு. பீடி எண்ணும் நாளுக்கு முந்தின சாயங்காலம் பெண் பிள்ளைகள் தட்டோடு வரலாம் என்று அக்கா சொல்லிவிட்டார். விரல் வாயை மடக்கும், கண் கரும்பலகையைப் பார்க்கும். இது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வராமல் இருந்ததற்கு வந்தார்கள்.

இரண்டாவது நிபந்தனை எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் அம்மாமார் வாரம் பத்து ரூபாய் தர வேண்டும் என்றார். பீடிக் கூலியில் பத்து ரூபாய் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாதா என்று கோபம் வந்தது. பேசிப் பார்த்தேன், இறங்கி வரவில்லை. சரி என்று சொல்லி, முடியாதவர்களிடம் கேட்க வேண்டாம் என்று அக்காவிடம் ரகசியமாகச் சொன்னேன். ஆனால் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. பணத்தைவிட அதோடு வந்ததுதான் எங்களை உலுக்கியது. "நேத்து ஏம்மா வகுப்பு இல்ல? பிள்ளைய திரும்பி வந்துட்டுல்லா" என்று தெருவில் வைத்து அக்காவை மறித்துக் கேட்க ஆரம்பித்தார்கள். கோயில் கொடைக் கணக்கு கேட்பது மாதிரியே. அக்காவுக்கு முதலில் எரிச்சல், பிறகு பழகிவிட்டது. இப்போதும் அந்தப் பத்து ரூபாயை வாங்கும்போது எனக்குக் கை கூசத்தான் செய்கிறது.

ஆடிட்டர் சொன்னது

இதுபோல வகுப்பு நடத்த நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதி, மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

நாங்கள் ஒரு சிறிய அறக்கட்டளையின் பெயரில் பணம் வாங்கினோம். அமெரிக்கக் குழுவின் பணத்தை முதலில் அங்கேயிருந்து நேராக வாங்கத்தான் இருந்தோம். ஆடிட்டர் தடுத்தார். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கியதை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. பதிவு கேட்பதற்கே மூன்று வருடம் இயங்கி, 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். எங்களுக்கு அது எட்டாத மரம்.

ஆனால் ஒரு வழி இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குழுவில் மூன்று பேரிடம் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது, அவர்கள் அனுப்பினார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள், பிறந்தது பக்கத்து ஊர் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அயலார். ஒருவருக்கு இது ரொம்ப வருத்தம். "எங்க ஆச்சி வீடு அங்கதான் இருக்கு" என்று ஆடிட்டரிடம் போனில் வாதாடினார்.

உள்ளூர் நன்கொடையில் வரிவிலக்கு கேட்பவர்கள் உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் அறக்கட்டளைக்குப் பதிவு இருந்தால் அதற்கான ரசீது தரலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் விலக்கு கிடையாது, புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கும் கிடையாது. கொடுப்பவர் கேட்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது. அரசுப் பள்ளிக்கே நேரடியாகத் தர விரும்புகிறவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளித் திட்டம் இருக்கிறது. பெஞ்சும் கழிப்பறையும் தர அது ஒழுங்கான வழி. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து உட்காரும் ஓர் ஆளுக்குச் சம்பளம் தரத்தான் எங்கே போனாலும் கதவு ஒருக்களித்தே இருக்கிறது.

பீடிக் கட்டு

மூன்றாம் வருடம் அமெரிக்கக் குழு மறுபடி வீடியோ கேட்டது. இந்த முறை ஒப்பிப்பு வேண்டாம், பிள்ளைகளே சொந்தமாக எழுதி வாசிக்கட்டும் என்று அக்கா சொன்னார். ஒரு பெண் அக்காவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள்: "மை மதர் ரோல்ஸ் பீடீஸ்." அம்மாவைப் பற்றி அவள் எழுதிய முதல் வாக்கியம். நான் நெகிழ்ந்து போனேன். மறுநாள் காலை அவள் அம்மா அக்கா வீட்டு வாசலில் நின்றார். "பீடி சுத்துதான்னு அமெரிக்காக்காரன்ட்ட சொல்லணுமாக்கும்?" கோபமாக இல்லை, அவமானமாகக் கேட்டார். அந்த வரியை எடுத்துவிட்டோம். ஹவுஸ்வைஃப் என்று போடவும் இல்லை. "மை மதர் இஸ் ஸ்ட்ராங்" என்று அந்தப் பெண்ணே மாற்றினாள்.

முப்பத்துச் சொச்சம் பேரில் இன்று பத்தொன்பது பேர் மூன்றாம் வகுப்பு ஆங்கிலக் கதையைப் பென்சில் இல்லாமல் வாசிக்கிறார்கள். பேசச் சொன்னால் இன்னும் தலையைக் குனிகிறார்கள். இரண்டு பையன்கள் படிப்பை விட்டுச் சென்னைக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவன் பென்சில் எழுத்துக்காரன். பணத்தை நிறுத்திய அமெரிக்க நண்பர் திரும்பி வரவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, பொருநை கரை மீறிய அந்த மாதம் எங்கள் மேட்டு ஊருக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் பஸ்ஸும் கரண்டும் போய், நூலில் ஒன்பது தாள்தான் கோத்திருந்தது.

அதற்குச் சில வாரம் முன்பு நடந்தது ஒன்று. வகுப்புக்கு வந்த ஒரு சிறுமி தாத்தாவுக்காகப் பெட்டிக்கடையில் வாங்கிய பீடிக் கட்டைக் கையில் வைத்திருந்தாள். எச்சரிக்கைப் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவள் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தில் விரல் வைத்துக் கூட்டினாள். "டொ... பாக்... கோ. காஸஸ். பெய்ன்..." அங்கே நின்றது. பிள்ளை-பி என்று பக்கத்தில் இருந்தவள் எடுத்துக் கொடுத்தாள், இவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. "பெயின்ஃபுல் டெத்." அர்த்தத்தை அக்கா சொன்னார். சிறுமி வாசலில் தட்டோடு இருந்த அம்மாவிடம் போய், "எம்மா, இதுல என்ன எழுதிருக்குன்னு தெரியுமா?" என்றாள். அம்மா நிமிராமல், "அது எல்லாக் கட்டுலயும் போட்டிருக்கும்ளா" என்றார். விரல் நிற்கவில்லை.

இதை அண்ணாச்சியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இந்தியில் எதற்கோ விலை கேட்டார்கள்.

"நம்ம கடையிலயும் கெடக்கு அது" என்றார். பிறகு, "சரி, இந்த மாசம் எத்தன நாளு?"

"பத்தொன்பது அண்ணாச்சி."

"மிச்சம்?"

"மழை."